ஞானஸ்நானத் தொட்டியில் ஏன் வாள்சண்டை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து வந்திருக்கிறேன். ஹெரிஃபோர்ட்ஷயரில் எர்டிஸ்லி என்ற ஊரின் பழைய தேவாலயத்துக்குப் போனோம். அங்குள்ள கல் ஞானஸ்நானத் தொட்டியில் இரண்டு வீரர்கள் வாளும் ஈட்டியுமாக மோதுகிறார்கள். ஒரு பெரிய சிங்கமும் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் இடத்தில் இதெல்லாம் எதற்கு? நெற்றியில் நாலு சொட்டு விட இவ்வளவு பெரிய தொட்டி ஏன்?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள அம்மா,

இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். அந்தத் தொட்டி 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்போது குழந்தையைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். 1549இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகம்கூட மூன்று முறை முக்கத்தான் சொல்கிறது. நோஞ்சான் குழந்தையென்றால் மட்டும் மேலே ஊற்றினால் போதும்.

சண்டைக்கு வருவோம். அது அந்த ஊர்ப் பிரபு குடும்பத்துத் தகராறு என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. தொட்டியை முழுக்கச் சுற்றி வந்தீர்களா? கிறிஸ்து பாதாளத்தில் இறங்கி, பின்னலில் சிக்கிய ஒருவனைக் கையைப் பிடித்து இழுக்கும் காட்சியும் அதில் உண்டு. அந்தக் காலத்தில் குழந்தையைக் கோயில் வாசலிலேயே நிறுத்தி, முதலில் பேயோட்டும் ஜெபம் சொல்வார்கள். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்பார்கள். குழந்தைக்காக ஞானப்பெற்றோர் பதில் சொல்வார்கள். அப்புறம்தான் தண்ணீர். கைக்குழந்தைகள் ஏராளமாகச் செத்த காலம் அது. ஞானஸ்நானம் பெறாமல் செத்தால் மோட்சம் இல்லை என்று திருச்சபை போதித்த காலம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தொட்டிக்கு ஓடிவந்தவர்களுக்கு அது போர்தான். சிற்பி அதை அறிந்தே செதுக்கினார் என்று நான் நம்புகிறேன். அழகான பழங்கலை என்று மட்டும் அதைப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

அந்தத் தண்ணீரின் மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையும் பெரிது. மந்திரிக்க, சூனியம் வைக்க என்று திருடிப் போய்விடுவார்களோ என்ற பயத்தில், தொட்டிகளை மூடிப் பூட்டச் சொல்லி 1236இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் உத்தரவு போட்டார். பல பழைய தொட்டிகளின் விளிம்பு உடைந்திருப்பதற்கு, பூட்டு மாட்டிய இரும்பைப் பிற்காலத்தில் பிடுங்கியதும் ஒரு காரணம். 1640களில், பழைய சடங்குகளை வெறுத்த தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) கை ஓங்கியதும் நிறையத் தொட்டிகள் கோயிலை விட்டு வெளியே போயின. குளோஸ்டர்ஷயரின் டீர்ஹர்ஸ்ட் தொட்டி, 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியருக்கும் முந்தியது, உடம்பெல்லாம் சுருள் வேலைப்பாடு. அதைப் பண்ணையில் துணி துவைக்கும் தொட்டியாக வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் மீட்டார்கள்.

ஊர் திரும்புவதற்குள் அதே ஹெரிஃபோர்ட்ஷயரில் காசில் ஃப்ரோம் போய்வாருங்கள். அதே சிற்ப மரபு. இயேசு ஞானஸ்நானம் பெறும் நீரில் மீன்கள்கூட உண்டு. நின்றபடி பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தொட்டியைச் சுமப்பவர்கள் அடியில் குனிந்து கிடக்கிறார்கள். தரையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.