வாசகர் கேள்வி பதில்: பேனல் உடையாமல் கார் ஸ்டீரியோவைக் கழற்றுவது எப்படி?

கேள்வி: கார் வாங்கியபோதே அதில் பொருத்தப்பட்டிருந்த ஸ்டீரியோவை எடுத்துவிட்டுப் புதியது வைக்க விரும்புகிறேன். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பேனலின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் சற்று விலகியது. மேல்பக்கம் அசையவே இல்லை. கிறீச்சென்று சத்தம் கேட்டதும் விட்டுவிட்டேன். இன்னும் பலமாக இழுக்கலாமா?

பதில்: இழுக்க வேண்டாம். ஒரு பக்கம் விலகி மறுபக்கம் அசையாமல் நிற்கிறது என்றால், அங்கே கண்ணில் படாத திருகு ஒன்று இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிளிப் மட்டும் பிடித்திருக்கும் இடம், நெம்பும்போது சிறிது இளகிக் கொடுக்கும். திருகு பிடித்திருக்கும் இடமோ இறுகி நிற்க, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் வளையும். அப்படி வளையும் இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து, மெல்லிய வெள்ளைக் கோடு தோன்றக்கூடும். அதைப் பார்த்த பிறகும் இழுத்தால் அடுத்தது விரிசல்தான். கிளிப்பின் இறுக்கத்தால் உடைந்த பேனல்களைவிட, மறந்துபோன ஒற்றைத் திருகால் உடைந்தவையே அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தத் திருகுகள் எங்கே ஒளிந்திருக்கும் என்பது காருக்குக் கார் மாறும் என்றாலும், தேட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவைதாம்: ஏ.சி. காற்று வரும் வென்ட்டுகளின் உட்புறம், அபாய விளக்கு சுவிட்சின் பின்புறம், சாம்பல் கிண்ணத்தையோ சில்லறை போடும் சிறு பெட்டியையோ உருவி எடுத்தால் தெரியும் குழி, ரப்பர் விரிப்பின் அடி, ஏ.சி. திருகுகுமிழ்களுக்குப் பின்புறம், வேகமானிக்கு மேலே உள்ள விளிம்பின் அடிப்பகுதி. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், திருகை மூடியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடியின் விளிம்பு நிழலாகத் தெரியும். பேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்ந்திருக்கும் வரிசையையும் கவனியுங்கள். ஒன்றின் விளிம்பு மற்றொன்றுக்கு அடியில் போகிறது என்றால், மேலே இருப்பதை எடுக்காமல் அடியில் இருப்பது வராது. ஸ்டீரியோவைத் தொடுவதற்கு முன் கியரைச் சுற்றியுள்ள மூடியைக் கழற்ற வேண்டிய கார்களும் உண்டு. உங்கள் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பழுதுபார்ப்புக் கையேடு கிடைத்தால், இந்தத் தேடலில் பாதி குறைந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் இரண்டு காரியங்கள் உள்ளன. பழைய ஸ்டீரியோக்களில் சில, மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பாதுகாப்பு எண் கேட்டு அடம்பிடிக்கும். ஆகவே பழையதை மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அந்த எண்ணைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காரில் பேனல் வெளியே வருவதற்கு இடம் விட, கியர் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தால், ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டு, மின்சாரம் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிய பின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்துதான் டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை: இரும்பு ஸ்க்ரூ டிரைவரை நெம்புவதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் கூர்முனை, முழு விசையையும் ஒரே புள்ளியில் செலுத்திப் பேனலின் விளிம்பில் பள்ளம் போட்டுவிடும். பேனல் கழற்றுவதற்கென்றே விற்கப்படும் நைலான் நெம்பிகள் விலை குறைந்தவை. அவற்றின் அகன்ற முனை விசையைப் பரப்பிவிடும். டேஷ்போர்டு தொடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கீறலும் விழாது. நெம்பியைக் கிளிப்புக்கு எவ்வளவு அருகில் நுழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கிளிப்புக்குத் தொலைவில் நெம்பினால் இடைப்பட்ட பிளாஸ்டிக்தான் வளைகிறது. ஒரு கிளிப் விடுபட்டதும் அடுத்ததற்கு நகருங்கள். பேனலைச் சாய்க்காமல் உங்களை நோக்கி நேராக இழுங்கள். குளிரில் பிளாஸ்டிக் எளிதில் முறியும் என்பதால், குளிரான நாளில் பேட்டரியைக் கழற்றும் முன்பே ஹீட்டரை ஓட்டிக் காரின் உட்புறத்தை இளஞ்சூடாக்கிக்கொள்வது பலன் தரும். முடி உலர்த்தியைப் பயன்படுத்தினால் குறைந்த வெப்பத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள்.

பேனல் கையோடு வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். சுவிட்சுகளின் ஒயர்கள் பின்னால் பிணைந்திருக்கும். கனெக்டரின் பூட்டு நாக்கை விரலால் அழுத்தியபடி கனெக்டரைப் பிடித்து உருவ வேண்டுமே தவிர, ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் பிறகு ஸ்டீரியோவைப் பிடித்திருக்கும் திருகுகள், பெரும்பாலும் நான்கு, கண்ணுக்குத் தெரியும். கீழே உள்ள இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டே அவற்றைக் கழற்றுங்கள், ஏனென்றால் டேஷ்போர்டுக்குள் விழுந்த திருகைத் தேடுவது இந்த வேலையிலேயே மிகவும் எரிச்சலூட்டும் பகுதி.

கேள்வி: என்னுடையது கடையில் வாங்கி மாட்டிய செட். திருகே தெரியவில்லை. எப்படி எடுப்பது?

பதில்: உங்கள் செட் ஒரு தகர உறைக்குள் அமர்ந்திருக்கும். 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒற்றை டின் (DIN, கார் ஸ்டீரியோக்களுக்கான பொதுத் தர அளவு) செட்டுகளில் இந்த ஏற்பாடு மிகவும் வழக்கம். 100 மில்லிமீட்டர் உயரமுள்ள இரட்டை டின் செட்டுகள் சிலவற்றிலும் உண்டு. முன்புறத்தில் உள்ள அலங்கார வளையத்தை முதலில் கழற்றிவிட்டு, செட்டுடன் கொடுக்கப்பட்ட இரண்டு தட்டைச் சாவிகளை இடமும் வலமும் உள்ள பிளவுகளில் நேராகத் தள்ளுங்கள். உள்ளே பூட்டு விடுபடுவதைக் கையால் உணரலாம். பிறகு இரு பக்கத்தையும் ஒன்றாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முந்தினால் செட் கோணலாகிச் சிக்கிக்கொள்ளும். அப்போது அசைத்து அசைத்துப் பேனலைத்தான் உடைக்க நேரும். சாவி தொலைந்திருந்தால் உங்கள் செட்டுக்குப் பொருந்துவதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். செட்டின் முதுகில் ஒரு பட்டை டேஷ்போர்டின் இரும்போடு திருகப்பட்டிருப்பதும் உண்டு. பூட்டு விடுபட்ட பின்னும் வராவிட்டால் அதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டி முடித்த பின் பேனலின் ஒரு மூலை மட்டும் பொருந்தாமல் தூக்கி நிற்கிறது. தட்டி உள்ளே தள்ளலாமா?

பதில்: தட்டாதீர்கள். பேனலை மறுபடி வெளியே எடுத்து, அதன் முதுகில் உள்ள கிளிப்புகளைச் சரிபாருங்கள். உலோகக் கிளிப் ஒன்று பேனலோடு வராமல் டேஷ்போர்டின் துளையிலேயே தங்கியிருக்கலாம்; அதைக் குறட்டால் எடுத்துப் பேனலில் மாட்டிய பிறகே பொருத்த வேண்டும். கிளிப் சரியாக இருந்தால், ஸ்டீரியோவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் ஒயர்கள் அதை முன்னுக்குத் தள்ளுகின்றனவா என்று பாருங்கள். கிளிப்பைத் தாங்கும் பிளாஸ்டிக் காலே முறிந்திருந்தால் இரண்டு பாகங்களைக் கலந்து பயன்படுத்தும் எப்பாக்சி பசையால் ஒட்டி, முழுமையாக இறுகும்வரை விட்டுவையுங்கள். உடனடியாக ஒட்டும் பசையின் ஆவி, கருநிறப் பேனலில் வெண்ணிறப் பூச்சாகப் படியும் என்பதால் வெளியே தெரியும் பகுதிக்கு அருகில் அதைத் தவிர்ப்பது நல்லது.