கை எட்டும் தூரத்தில் பிள்ளைகள்

கேள்வி: மயிலாடுதுறையில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் முழுக்கத் தரங்கம்பாடியில் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள். பையனுக்கு நாலு வயது, பெண் குழந்தைக்கு ஒன்றரை. அம்மா, அப்பா இருவரும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் 12,000 ரூபாய். வாசலுக்கு எதிரே கடல். எனக்கு நீச்சல் தெரியாது. போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் நீச்சல் தெரியாது என்பதை இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். "கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் உங்களில் ஒருவர் கூட வரணும்" என்று கேளுங்கள். அதற்கு இழுத்துப் பேசினால் அந்த வேலையே வேண்டாம்.

நீங்கள் கடலை நினைத்துப் பயப்படுகிறீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆபத்து அதைவிடப் பக்கத்தில், கொல்லையில் இருக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால் நல்ல தண்ணீரை டிரம்மிலும் வாளியிலும் பிடித்து வைப்பார்கள். அந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது. கால் வாளித் தண்ணீர் போதும், சத்தமும் வராது. போன அன்றே வீட்டைச் சுற்றி வாருங்கள். காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள், டிரம்முக்கு மூடி கேளுங்கள், குளியலறைக்கு வெளியே உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள்.

இனி கரை. கத்திரி வெயிலில் காலை எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மாலை ஐந்துக்கு முன் கிளம்பாதீர்கள். நடுப்பகல் மணல் பிஞ்சுக் காலைப் பொசுக்கிவிடும். உங்களுக்குக் கெண்டைக்கால் தண்ணீர் என்றால் பையனுக்கு அது முழங்கால். அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் மணலைப் பறித்துக்கொண்டு போகும், பிள்ளை உட்கார்ந்துவிடுவான், அடுத்த அலை முகத்துக்கு மேல் வரும். அதனால் அம்மா அப்பா கூட இருந்தாலும் பையன் உங்கள் கை எட்டும் தூரத்தில்தான் நிற்க வேண்டும். போன் பைக்குள் கிடக்கட்டும். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் என்று வெளியூர்க்காரர்கள் அதைத்தான் காட்டுவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வலை காய வைக்கும் அண்ணன்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

ஊதி மாட்டும் ரப்பர் வளையத்தை நம்பாதீர்கள். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடல் பக்கம் வீசும். வளையத்தைப் பிள்ளையோடு தள்ளிக்கொண்டு போய்விடும். நீலச் சட்டை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, ஆரஞ்சு போடுங்கள். அலைத் தடுப்புக் கருங்கல்லில் பாசி வழுக்கும், ஏற்றாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகாது. சிறிய ஃபைபர் படகுகள் போய்வரும். அவை கரையேறும் இடத்தில் தூண்டில் முள் மணலில் கிடக்கலாம். சின்னவளுக்கு டயப்பரோடு அலை வேண்டாம், உப்புத் தண்ணீரையும் மணலையும் உறிஞ்சித் தொடை புண்ணாகும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள்.

மருந்தைத் தாய் சொல்லாமல் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு விதமாக வருகிறது. சொட்டு மருந்து அதைவிடக் காட்டம். மூடி அளவு ஒன்றாக இருப்பதால் ஏமாந்துபோவது சுலபம். இரண்டு பிள்ளைகளின் எடை, ஒத்துக்கொள்ளாத உணவு, டாக்டர் நம்பர், 108 எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டை டம்ளரில் கொட்டினால் உப்பு ஏறிவிடும். நுங்கைச் சின்னவளுக்கு மசித்துக் கொடுங்கள். வேர்க்கடலை இருவருக்குமே வேண்டாம்.

சம்பளப் பேச்சுக்கு வருவோம். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வாரத்தில் எந்த நாள் லீவு, ராத்திரி அழுதால் யார் எழுந்திருப்பது, இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் துணி உங்கள் வேலை. வீட்டார் பாத்திரம் உங்கள் வேலையில்லை. தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று உங்கள் அம்மா ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். சான்றிதழ் அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

முதல் இரண்டு நாள் தாய் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். பிறகு அறைக்குள் போகும்போது அவர் நைசாக நழுவக் கூடாது, டாட்டா சொல்லிவிட்டே போகட்டும். சின்னவள் கொஞ்ச நேரம் அழுவாள், அப்புறம் உங்கள் துப்பட்டாவைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பாள். துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தும் பழக்கம் இருந்தால் அந்த ஒரு மாதம் விட்டுவிடுங்கள். தூக்கும்போது அவள் கன்னத்தைக் கீறும்.