மூக்குக் குழாய் என்றால் கடைசிக் கட்டமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. நாக்குப் புற்றுநோய்க்குக் கீமோவுடன் 33 நாள் கதிர்வீச்சு, 18 முடிந்திருக்கிறது. வாயெல்லாம் புண். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. எடை 62 கிலோவிலிருந்து 57 ஆகிவிட்டது. மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்கிறார். அது கடைசிக் கட்டம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: தயங்காமல் சம்மதியுங்கள். சிகிச்சையை நடுவில் நிறுத்தாமல் முடிப்பதற்காகவே இந்தக் குழாய் போடப்படுகிறது. கதிர்வீச்சு நாட்கள் தவறினால் அதன் பலன் குறையும். உடல் மிகவும் மெலிந்தால் கதிர்வீச்சின்போது தலை அசையாதிருக்க முகத்துக்கென அளவெடுத்துச் செய்த முகமூடியும் தளர்ந்துவிடும். வாய்ப்புண் பொதுவாகச் சிகிச்சையின் கடைசி வாரங்களில் உச்சத்தை எட்டி, முடிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கும் என்பதால், இனிவரும் நாட்கள்தாம் கடினமானவை.

கஞ்சி ஏன் போதாது? அப்பாவின் எடைக்குத் தினமும் ஏறத்தாழ 1,700 கலோரியும் 70 முதல் 85 கிராம் வரை புரதமும் தேவை. நீர்த்த அரிசிக்கஞ்சி ஒரு தம்ளரில் நூறு கலோரி தேறுவதே அரிது, புரதமோ பெயரளவுக்குத்தான். வாயால் கொடுப்பதைப் பாசிப்பருப்பும் பால் பவுடரும் நெய்யும் சேர்த்துக் குழைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுங்கள். புளி, எலுமிச்சை, மிளகாய் வேண்டாம்.

அதைவிட முக்கியமானது புரையேறுவது. தண்ணீர் வேகமாக ஓடுவதால், வீங்கிய தொண்டை மூச்சுக்குழாயை மூடுவதற்கு முன்பே அது உள்ளே நுழைந்துவிடுகிறது. ரசம் சாதம் எளிதில் இறங்கும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. உண்மையில் ரசம் முன்னே ஓட, பருக்கை பின்தங்கும் அந்தக் கலவைதான் பலருக்கும் ஆபத்து. சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. விழுங்கிய பின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, காய்ச்சல், மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்தப் பதம் பாதுகாப்பானது என்பதை விழுங்கும் பயிற்சி அளிக்கும் நிபுணர் பரிசோதித்துச் சொல்லட்டும். குழாய் போட்ட பிறகும் அவர் அனுமதிக்கும் அளவுக்கு வாயால் விழுங்க வைப்பது அவசியம். பயன்படுத்தாத தொண்டைத் தசை இறுகிவிடும்.

வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, நாளுக்குப் பலமுறை வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் படிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

குழாய் வழியே ஊட்டும்போதும் அதன் பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டி முடித்ததும் சிறிது தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் ஊட்டுவதற்கு முன் குழாயில் மூக்கருகே உள்ள அடையாளத்தைப் பாருங்கள். அது நகர்ந்திருந்தால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள். குழாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.