அடிமரப் போத்துகளுக்கு மருந்து வாங்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து ஒட்டு ஆரஞ்சு மரத்தின் அடியில் போத்துகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. தரையோடு வெட்டிவிட்டாலும் முன்பைவிட அடர்த்தியாக வருகின்றன. களைக்கொல்லி தெளித்தால் நின்றுவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்க வேண்டாம். அந்தப் போத்துகளும் உங்கள் மரமும் ஒரே வேரில் நிற்கின்றன. கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள் இலை வழியாக உள்ளே சென்று வேர்வரை பரவும் தன்மை கொண்டவை என்பதால், போத்தின்மீது தெளிப்பது மரத்தின்மீதே தெளிப்பதற்குச் சமம்.

முதலில் போத்து எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்கன்றில் கீழே இருப்பது வேர்ச்செடி. நீங்கள் விரும்பி வாங்கிய ரகம் அதன்மேல் ஒட்டப்பட்டது. இரண்டும் சேர்ந்த இடம் அடிமரத்தில் ஒரு புடைப்பாகவோ பட்டையின் நிற மாற்றமாகவோ தெரியும். அதற்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ வருபவை வேர்ச்செடியின் தளிர்கள். விட்டுவைத்தால் வேகமாக வளர்ந்து, மேலே உள்ள நல்ல ரகத்தையே நலியச் செய்துவிடும். ஆரஞ்சில் இதை அடையாளம் காண்பது சில நேரங்களில் எளிது: வேர்ச்செடி மூவிலை ஆரஞ்சாக இருந்தால், போத்தின் ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும், முள்ளும் நீளமாக இருக்கும்.

தரையோடு வெட்டும்போது மண்ணுக்குள் நிற்கும் அடிக்கட்டையில் உறங்கும் மொட்டுகள் தப்பிவிடுகின்றன. ஒன்றை வெட்டிய இடத்தில் நான்கு கிளம்புவது அதனால்தான். மண்ணைக் கையால் மெல்ல விலக்கி, போத்து வேரோடு சேரும் இடம்வரை சென்று, இளம் தளிராக இருக்கும்போதே கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். அடிமொட்டுகளும் அதனுடன் வந்துவிடும். பென்சிலைவிடத் தடித்துவிட்டால் பிய்ப்பது பட்டையைக் கிழித்துவிடும் என்பதால், கூரிய கத்தரியால் வேரை ஒட்டி வெட்டுவதே சரி. மரத்தடியில் ஆழமாகக் கொத்துவதும் ஒரேயடியாகக் கிளைகளைக் கழிப்பதும் புதிய போத்துகளைத் தூண்டும்.

நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம் கலந்த போத்துத் தடுப்பான்களும் விற்பனையில் உண்டு. இவை வெட்டிய இடத்தில் தடவுவதற்கானவை. மறுமுளைப்பைச் சில காலம் தள்ளிப்போடுமே தவிர, வளர்ந்துவிட்ட போத்தை அழிக்கா. உங்கள் மரத்தின் பெயர் லேபிளில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். ஒரே ஒரு மரத்துக்கு அந்தச் செலவே தேவையில்லை என்பது என் கருத்து. மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தாலே போதும்.

அத்தி, மாதுளை, கறிவேப்பிலை போன்றவை ஒட்டாமல் சொந்த வேரில் வளர்ந்தவையாக இருந்தால், அவற்றின் பக்கக்கன்றுகள் தாய்ச்செடியின் ரகமே. வேருடன் பிரித்து நட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: புதிதாக ஒட்டுக்கன்று வாங்கும்போது இந்தத் தொல்லையைத் தவிர்க்க எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முழுவதும் தவிர்க்க முடியாது; குறைக்கலாம். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிகிற கன்றாகவும், இரு பகுதிகளும் இடைவெளியின்றிச் சேர்ந்ததாகவும் பார்த்து எடுங்கள். அதற்குக் கீழே ஏற்கெனவே தளிர்கள் நின்றால், அல்லது மேலே உள்ள ஒட்டு வாடியிருக்கக் கீழ்த்தளிர் மட்டும் செழித்திருந்தால், வேறு கன்று கேளுங்கள். பசுமையாகத் தெரிகிறதே என்று ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். வேர்ச்செடி எது என்று விற்பவரிடம் கேட்டு, ரகத்தின் பெயரோடு அதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். காய்க்கும்போது வேறு பழம் வந்தால் பேசுவதற்கு அந்த ஒரு தாள்தான் ஆதாரம். நடும்போதும் ஒட்டுப்பகுதியை மண்ணில் புதைக்காதீர்கள்; புதைத்துவிட்டால் எந்தத் தளிர் ஒட்டிலிருந்து வந்தது, எது வேர்ச்செடியிலிருந்து வந்தது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.