ஒத்திகைக்கு ஏது ரசீது?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் திருச்சியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். என் தங்கை ஆறு வருடமாகச் சென்னையில் ஒரு நவீன நடனக் குழுவில் ஆடுகிறாள். மொத்தம் ஏழு பேர். போன வருடம் வரை மாதாமாதம் ஏதோ ஒரு தொகை வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு உதவி ஒன்று நின்றுபோனதிலிருந்து அதுவும் இல்லை. பயிற்சி செய்த இடத்தையும் காலி செய்துவிட்டார்கள். குழுவை நடத்துபவர் "ஆறு மாதம் பொறுங்கள்" என்கிறாராம். கம்பெனி விழாக்களில் ஆடலாமே, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமே, இணையத்தில் பணம் திரட்டலாமே என்று சொன்னேன். அதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஒரு பள்ளியில் நடன ஆசிரியை வேலை அவளுக்குத் தயாராக இருக்கிறது. போகச் சொல்வதா, அவள் போக்கில் விடுவதா? மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை போய்ப் பார்த்தும் எனக்குப் புரியாத ஒரு கலையை ஊர் எதற்குக் காப்பாற்ற வேண்டும்? ஆடுகிறவர்களுக்கு ஆத்ம திருப்தி கிடைக்கிறது. கூடவே சம்பளமும் வேண்டும் என்பது சரியா?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

புரியாமலே மூன்று முறை போய் உட்கார்ந்து பார்த்த அண்ணன் நீங்கள். முதலில் அதற்காக உங்கள் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் ஒரு முறை கூடப் போகாமல்தான் புரியவில்லை என்கிறார்கள். புரிவது, புரியாதது பற்றி வேறொரு நாள் பேசலாம். இணையத்தில் பணம் திரட்டுவதைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு முறை திரட்டலாம், மாதாமாதம் திரட்ட முடியாது.

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜையில் ஒரு பழைய கோப்பு கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்ததில் கிடைத்தது. 1990களின் கடைசியில் சென்னையில் ஒரு சிறு நடனக் குழுவுக்கு நான் கணக்கு எழுதினேன். மானிய விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பதும் என் வேலை. எனக்கு ஆடத் தெரியாது. ஆட்டத்தை மேடையில் பார்த்ததை விட ஒத்திகையில் பார்த்ததுதான் அதிகம். இரண்டு வாரமாக அந்தக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவளிடம் வந்து நீங்கள் ‘ஆத்ம திருப்தி’ என்கிறீர்கள்.

எங்கள் குழு ஒத்திகை பார்த்தது ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். முகூர்த்தம் இல்லாத நாட்களில் குறைந்த வாடகைக்கு விடுவார்கள். அதனால் எங்களுக்குப் பஞ்சாங்கம்தான் நாட்காட்டி. ஆடியும் மார்கழியும் முழுசாகக் கிடைக்கும். தை, வைகாசியில் வாரத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் பெரிது. காலை ஏழு மணிக்குப் போய் முதலில் கூட்டுவோம். எத்தனை கூட்டினாலும் மஞ்சள் அட்சதை அரிசி நாலாவது மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு நடன விரிப்பைப் போட வேண்டும். ரப்பர் மாதிரியான கனத்த விரிப்பு, ஐந்து சுருள். ஒரு சுருளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். விரித்து, ஓரம் சேர்த்து, டேப் ஒட்டி, மேலே ஈரத்துணி போட்டுத் துடைத்து முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். மாலையில் வரவேற்பு இருந்தால் பதினொரு மணிக்கே டேப்பைப் பிய்த்துச் சுருட்டி, மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். அடியில் இருந்தது வெறும் சிமெண்டுத் தரை. குதித்து இறங்குகிற ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முழுவதும் முட்டிக்குத்தான் போகும்.

திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் முதல் மின்சார ரயிலைப் பிடித்து வருவாள். ஒரு நாள் விரிப்பு மேடாகி நின்ற இடத்தில் கால் தட்டி விழுந்தாள். அடியில் என்னவென்று பார்த்தால் முந்தின நாள் விருந்தின் ஒரு பாக்குக் கொட்டை. இடது முட்டி வீங்கி ஏழு வாரம் வரவில்லை. அந்த ஏழு வாரத்துக்கு அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை, கொடுப்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. வந்த நாட்களிலும் நாளுக்கு நாற்பது ரூபாயும் ஒரு வேளைச் சாப்பாடும்தான். பேரேட்டில் அதைப் பயணப்படி என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். அரசு என்றாலும் அறக்கட்டளை என்றாலும் படிவங்கள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன. எத்தனை நிகழ்ச்சி, எத்தனை ஊர், எத்தனை பார்வையாளர் என்று கேட்பார்கள். அரங்க வாடகைக்கும் ஒலி ஒளிக்கும் உடைக்கும் அழைப்பிதழுக்கும் கட்டம் இருக்கும். சிறப்பு விருந்தினருக்குப் போடும் பொன்னாடைக்குக் கூட ரசீது வைத்துப் பணம் வாங்கியிருக்கிறோம். நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் ஒத்திகைக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. அதனால் ஒத்திகைக் காசைத் துணுக்குத் துணுக்காக வெட்டி உடையிலும் போக்குவரத்திலும் ஒளித்து வைப்போம். மண்டப வாடகையை ‘மேடைப் பொருள் வைக்கும் இடம்’ என்று எழுதினோம். ஒரு முறை இதைக் கண்டுபிடித்து இரண்டாம் தவணையை நிறுத்திவிட்டார்கள். பொய் எழுதியது தப்புதான். உண்மையை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

நீங்கள் வங்கிக்காரர், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எங்கள் கடைசி ஆட்டம் ஒரு மணி நேரம். ஆறு பேர், நாளுக்கு 4 மணி நேரம், 90 நாள். 2,160 மணி நேர உழைப்பு. அரங்கேறியது இரண்டு மாலை. கூலி என்று காசு வந்தது அந்த இரண்டு மாலைக்கு மட்டும். மிச்சம் அத்தனை மணி நேரத்தையும் யார் கொடுத்தது? அந்த ஆறு பேர்தான். வீட்டில் அப்பாவின் பென்ஷனிலிருந்து, அண்ணன் சம்பளத்திலிருந்து, சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த காசிலிருந்து கொடுத்தார்கள். உங்கள் தங்கையின் குழுவுக்கு நிதி கொடுத்தது அந்த வெளிநாட்டு அமைப்பு மட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆறு வருடமாக நீங்களும்தான் கொடுத்துவருகிறீர்கள், கார்த்திகேயன். அவள் வாடகைக்கு நீங்கள் எப்போதாவது பணம் அனுப்பியிருந்தால் அது அந்தக் கணக்கில்தான் சேரும்.

பரதநாட்டியத்துக்கும் இது பொருந்தாதா என்று கேட்பீர்கள். அங்கேயும் கஷ்டம் உண்டு, தெரியும். ஆனால் தனியாக ஆடுகிறவர் தன் வீட்டுக் கூடத்தில் சாதகம் செய்யலாம். அவர் ஆடும் வர்ணம் என்ற உருப்படி அவருக்கு முன்பே இருக்கிறது. உங்கள் தங்கை ஆடும் ஆட்டம் அந்த ஏழு உடம்பும் ஓர் அறையில் சேர்ந்து நிற்கும்போதுதான் உண்டாகிறது. ஒருவர் தோளில் இன்னொருவர் எடையைச் சாய்ப்பதை யாரும் வீட்டில் தனியாகப் பழக முடியாது. ஒருவர் விலகினால் புது ஆளுக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். காணொளி பார்த்து அசைவைப் பிடிக்கலாம், எடையைப் பிடிக்க முடியாது. சென்னையின் நவீன நடனக் கலைஞர் சந்திரலேகா 2006 டிசம்பரில் காலமானார். 2001 இல் அவர் செய்த ‘சரீரா’ என்ற ஆட்டம் அவருக்குப் பிறகும் மேடையேறியது என்றால் அதில் ஆடிய டிஷானி தோஷி போன்றவர்கள் அதை உடம்பில் வைத்திருந்ததால்தான். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பக்கத்தில் அவருக்கு ‘ஸ்பேசஸ்’ என்று சொந்தமாக ஓர் இடம் இருந்தது. அட்சதை கூட்டாமல், கடிகாரம் பார்க்காமல் ஒத்திகை செய்ய ஓர் இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் எனக்குத் தெரிந்த சாட்சி அதுதான்.

இப்படி ஓர் இடத்தை அதற்கும் முன்னால் அல்மோராவில் உண்டாக்கிப் பார்த்தவர் நடனக் கலைஞர் உதய் சங்கர். 1930களின் கடைசியில், இமயமலை அடிவாரத்தில். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆசான் கந்தப்ப பிள்ளை இங்கிருந்து அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, இசைக்கு அலாவுதீன் கான். இங்கிலாந்தின் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதி பண உதவி செய்தார்கள். யுத்தம் வந்தது, பணம் வற்றியது, சில வருடங்களிலேயே மூடிவிட்டார்கள். உதய் சங்கர் நேராக மதராசுக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் ‘கல்பனா’ எடுத்தார். 1948 இல் வெளிவந்தது. ஒரு கலைஞர் தன் கதையைப் படத் தயாரிப்பாளரிடம் சொல்வதாகப் படம் போகிறது. அவ்வளவையும் கேட்டுவிட்டுத் தயாரிப்பாளர் முடியாது என்கிறார். அந்தக் காட்சியில் நான் அழுதிருக்கிறேன். அப்படிப்பட்ட மேஜைகளுக்கு எதிரே நானும் கோப்போடு உட்கார்ந்தவள்.

வெளிநாட்டில் எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நவீன நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1953 இல் குழு தொடங்கினார். ஆரம்ப வருடங்களில் அவருடைய ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார்கள். அந்தக் குழுவின் இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1959 இல் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் காளான்களைப் பற்றிப் பதில் சொல்லிப் பரிசு வென்றார். அந்தக் காசில் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் வேனில்தான் குழு ஊர் ஊராகப் போனது. ஓவிய நண்பர்கள் படங்களை விற்றுப் பணம் கொடுத்தார்கள். 2009 இல் கன்னிங்ஹாம் இறந்த பிறகு இரண்டு வருடம் உலகம் சுற்றி ஆடிவிட்டு, 2011 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் கடைசியாக ஆடிக் குழுவைக் கலைத்தார்கள். கலைப்பதற்கும் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்குக் கையில் ஒரு தொகையும், வேறு தொழிலுக்கு மாறிக்கொள்ள உதவியும் அதிலேயே இருந்தன. எங்கள் குழு கலைந்தபோது அந்தத் திருவள்ளூர்ப் பெண்ணுக்கு நாங்கள் கொடுத்தது விரிப்பில் ஒரு சுருள். அவள் அதை ரயிலில் எப்படிக் கொண்டுபோனாள் என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிக் கேட்டீர்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு என்ற சொற்கள் இருக்கின்றன. ஆனால் தேசியப் பாரம்பரியத்தைக் காப்பது, பாரம்பரியக் கலைகளை வளர்ப்பது என்றுதான் அந்த வாசகம் போகிறது. கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு எது வம்பில்லையோ அதற்கே பணம் போகும். ஜிஎஸ்டியிலும் இதே கதை. நாட்டுப்புற, செவ்வியல் நடனக் கலைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை வரி விலக்கு உண்டு. அந்த விலக்கில் நவீன நடனத்தின் பெயர் இல்லை. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை பதிவே வேண்டாம் என்பதால் சின்னக் குழு தப்பிக்கும். கொஞ்சம் தலைதூக்கினால் 18 சதவீதம்.

இனி உங்களைத் திட்ட வேண்டிய இடம். உங்கள் வங்கியில் மாதக் கடைசியில் கணக்கு பைசா சுத்தமாகச் சரியாக வரும்போது உங்களுக்கும் ஒரு நிறைவு இருக்கும்தானே? அதைக் காட்டி யாராவது உங்கள் சம்பளத்தைப் பிடித்தால் விடுவீர்களா? மனசுக்குப் பிடித்த வேலையென்றால் கூலி கேட்கக் கூடாது என்பதை நம் ஊரில் தாயிடம் சொல்கிறோம், சமையல் செய்பவளிடம் சொல்கிறோம், ஆடுகிறவளிடமும் சொல்கிறோம். உங்கள் தங்கை உங்களிடம் பேசாமல் இருப்பது கம்பெனி விழாவில் ஆடச் சொன்னதற்காக என்று நான் நம்பவில்லை. அவள் வேர்வையை நீங்கள் திருப்தி என்று பெயர் மாற்றிவிட்டீர்கள். கோபம் வராதா?

1966 இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், மேடைக் கலைகளின் செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். நம் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். கைத்தறி போய் விசைத்தறி வந்தபோது அதே நாளில் பல மடங்கு துணி நெய்ய முடிந்தது, நெய்பவரின் கூலி கூடினாலும் துணி விலை தாங்கியது. ஆறு பேர் ஆடும் ஒரு மணி நேர ஆட்டத்துக்கு இன்றும் ஆறு பேரும் ஒரு மணி நேரமும் வேண்டும். அரிசி விலையும் வீட்டு வாடகையும் ஏற, இந்த ஆட்டத்தின் செலவும் ஏறிக்கொண்டேதான் போகும், யார் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடத்தினாலும். குழுவை நடத்துபவருக்கு நிர்வாகத் திறமை போதாது என்று நீங்கள் நினைத்தால் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

பள்ளி வேலைக்குப் போவது அவள் முடிவு. அதை நானும் எடுக்க முடியாது, நீங்களும் எடுக்கக் கூடாது. நீங்கள் செய்யக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடுங்கள். வேலையைப் பற்றிப் பேச வேண்டாம். ஆறு வருடத்தில் எத்தனை நாள் ஒத்திகைக்குப் போனாள், அதில் எத்தனை நாளுக்குக் காசு வந்தது, முட்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு அவள் சொல்வதை எழுதுங்கள். அதை எனக்கும் அனுப்பினால் என் பழைய கோப்போடு சேர்த்து வைப்பேன்.

அன்புடன்