புகைப்பழக்கமும் உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் இரத்தக் குழாயின் உட்படலத்தை எவ்வாறு பாதிக்கின்றன?

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. இதையே உட்படலம் அல்லது எண்டோதீலியம் என்கிறோம். இரத்தம் உரசிச் செல்லும்போது இப்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிட்டு, குழாய்ச் சுவரிலுள்ள தசையைத் தளர்த்துகிறது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் தடுக்கிறது. இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்ததற்காகவே ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், கட்டுப்படாத சர்க்கரை, மிகுதியான எல்டிஎல் (‘கெட்ட’) கொழுப்பு எனக் காரணிகள் வெவ்வேறாயினும், அவற்றின் கேடு பெரும்பாலும் ஒரே வழியில் நிகழ்கிறது: வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, நைட்ரிக் ஆக்சைடு பயன்படும் முன்பே அதை அழித்துவிடுகின்றன. அதன்பின் குழாய் தேவைக்கேற்ப விரிவதில்லை. ஒட்டாத பூச்சு தேய்ந்த வாணலியில் எல்லாம் பற்றிக்கொள்வதைப் போல, வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன, கொழுப்பு உள்ளே புகுகிறது, மெல்ல அடைப்பு உருவாகிறது. புகைபிடிப்பதை நிறுத்தினால் உட்படலத்தின் செயல்பாடு ஓரளவு மீளும் என்பதை நோயாளிகளுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்றே கருதுகிறேன்.

மார்பு வலி இல்லாததால் குழாய்கள் நலமாக உள்ளன என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், அடைப்பு தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உட்படலத்தின் செயல்பாடு குன்றத் தொடங்கிவிடுகிறது.