ஏஜென்சி மூலம் வேலை தேடலாமா? யார் காசு கொடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். உயர்தரம் முடித்துக் கணக்கியலில் டிப்ளோமா எடுத்திருக்கிறேன். உள்ளூரிலோ வெளிநாட்டிலோ வேலைவாய்ப்பு முகவர் நிலையம் ஊடாக வேலை தேடுவது நல்லதா? நன்மை தீமைகள் என்ன?

தேடலாம். நல்ல வேலையும் கிடைக்கும். ஆனால் ஏஜென்சியின் வாசற்படி ஏறுவதற்கு முன்னர் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: இந்த ஏஜென்சிக்குப் படியளப்பவர் யார்? ஆள் தேடுகிற முதலாளியா, வேலை தேடுகிற நீங்களா? நீங்கள் கேட்கிற நன்மை தீமைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் ஆளணிப் பிரிவில் சில காலம் இருந்துவிட்டு, இப்போது யாழ்ப்பாணத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வெளிநாடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் பெயர்க்க வருவார்கள். வரும்போது ஏஜென்சி கொடுத்த தாள்களையும் கொண்டுவந்து "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள்" என்பார்கள். ஆகவே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தும் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் கொழும்பு அலுவலக வேலைகள். உங்கள் படிப்புக்கு ஏஜென்சி உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். பல நிறுவனங்கள் கணக்காளர், கணக்கு உதவியாளர் போன்ற வெற்றிடங்களைப் பத்திரிகையில் போடுவதே இல்லை. இரண்டு மூன்று ஏஜென்சிகளிடம் சொல்லிவிடும். ஆள் சேர்ந்ததும் அவருடைய சம்பளத்தைக் கணக்கில் எடுத்து ஒரு தொகையை நிறுவனமே ஏஜென்சிக்குக் கட்டும். விண்ணப்பதாரர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில், யாழ்ப்பாண முகவரியோடு வரும் விண்ணப்பத்தைக் கண்டால் "இவர் கொழும்பில் தங்குவாரா? மூன்று மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாரா?" என்று கேட்டு ஒரு பக்கமாக வைத்துவிடுவார்கள். விண்ணப்பித்த பிள்ளைக்கு அது தெரியவே வராது. நல்ல ஏஜென்சி அலுவலர் அந்த இடத்தில் தொலைபேசி எடுத்துப் பேசுவார்: வெள்ளவத்தையில் தங்க இடம் பார்த்துவிட்டார், சிங்களம் விளங்கும், திங்கட்கிழமையே வேலைக்கு வருவார் என்று. அந்த ஒரு அழைப்பு எத்தனையோ பேரை நேர்முகத் தேர்வு வரை கொண்டுவந்ததை நான் கண்டிருக்கிறேன். தனியாக விண்ணப்பித்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது.

தீமை என்றால், அவர்களுக்கு அவசரம். இடம் நிரம்பினால்தான் அவர்களுக்குக் காசு. அதனால் உங்களுக்குப் பொருந்தாத வேலையையும் "எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு மாறலாம்" என்று தள்ளுவார்கள். உங்களைக் கேட்காமலே உங்கள் சுயவிவரத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த நிறுவனத்துக்கு அனுப்பினாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மான்பவர் என்று சொல்கிற ஆளணி வழங்கும் நிறுவனங்கள் வேறு வகை. நீங்கள் வேலை செய்வது ஒரு இடம், சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பது இன்னொரு இடம். அவசரத்துக்கு வேலை வேண்டும் என்றால் போகலாம். ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்ட வேண்டியது 3 வீதம். இவற்றை எந்த நிறுவனம், எந்த இலக்கத்தில் கட்டுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்பட்டு, நிதியில் ஒன்றும் வைப்பாகாமல் இருந்தவர்களை அறிவேன்.

இனி வெளிநாடு. மனம் பதறுவது இங்கேதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இயங்குகிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற எந்த ஏஜென்சிக்கும் அந்தப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. இந்த நாட்டில், இந்த முதலாளிக்கு, இத்தனை பேர், இவ்வளவு சம்பளம் என்று ஒவ்வொரு ஜொப் ஓடருக்கும் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். உண்மையான அனுமதிப்பத்திரம் வைத்துக்கொண்டு, இல்லாத ஜொப் ஓடருக்குக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே இரண்டையும் பாருங்கள். பணியகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம், 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். அந்த உத்தியோகத்தர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால் அரைவாசிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

முறையான ஏஜென்சி ஊடாகப் போவதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. போன இடத்தில் சம்பளம் வராவிட்டால், வேலை மாறிவிட்டால், பொறுப்புச் சொல்ல இங்கே ஒரு ஆள் இருக்கிறார். அவர் பணியகத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். பணியகம் அவரை அழைத்து விசாரிக்கலாம், அனுமதிப்பத்திரத்தை நிறுத்தலாம். பணியகத்தில் பதிந்து போகிறவருக்குக் காப்புறுதியும் உண்டு. விசிட் விசாவில் போனவருக்கு இவை ஒன்றும் இல்லை. "முதலில் விசிட்டில் போங்கள், அங்கே மாற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கம்பியூட்டர் வேலை, தாய்லாந்து என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டதும், 2024இல் அவர்களை மீட்க அரசு பாடுபட்டதும் எல்லோரும் அறிந்த செய்தி.

இப்போது ஒப்பந்தம். வடமராட்சியில் இருந்து ஒரு தம்பி கட்டாருக்குப் போவதற்காக வந்திருந்தார். ஏஜென்சி அவரிடம் சொன்ன சம்பளம் 1800 ரியால். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்திருந்தார்கள். ஒப்பந்தப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 1000, தங்குமிடம் 500, உணவு 300. கூட்டினால் 1800 வருகிறது, பொய் இல்லை. ஆனால் 2021 மார்ச் முதல் கட்டாரில் சட்டப்படி எந்தத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த அளவே அதுதான். கம்பனியே அறையும் சாப்பாடும் கொடுத்தால் கையில் வருவது 1000 ரியால் மட்டும். மேலதிக நேரக் கொடுப்பனவும், வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கிற பணிக்கொடையும் அந்த அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணிக்கப்படும். அந்தத் தம்பி 1800ஐ நம்பி, மாதம் எவ்வளவு அனுப்பலாம், அம்மாவின் நகையை எப்போது மீட்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்கை நாங்கள் இருவரும் இருந்து திரும்பப் போட்டோம். அவர் போனார், ஆனால் தெரிந்துகொண்டு போனார். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

கட்டணம் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை தேடுகிறவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ முகவர் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சர்வதேச தொழில் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் இலக்க உடன்படிக்கை சொல்லுகிற கொள்கை. நம் நாட்டில் பணியகம் அனுமதித்த தொகைக்கு மேல் ஏஜென்சி வாங்க முடியாது, வாங்கியதற்குப் பற்றுச்சீட்டும் தர வேண்டும். இரண்டு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கொரியாவுக்குத் தொழிலாளரை அனுப்புகிற திட்டத்தில் எந்தத் தனியார் ஏஜென்சிக்கும் இடமே இல்லை. மொழிப் பரீட்சை முதல் பயணம் வரை பணியகம் ஊடாகத்தான். அந்தத் திட்டத்தில் கொரியா விசா எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர் பொய் சொல்கிறார். இங்கிலாந்தில் வேலை தேடுகிறவரிடம் வேலை பிடித்துக் கொடுக்கக் கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இருந்தும் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா எடுக்க அங்குள்ள முதலாளி கொடுக்கிற அனுசரணைச் சான்றிதழை இங்கே இலட்சக்கணக்கில் விற்றார்கள். 2025 ஜூலை முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே இங்கிலாந்து நிறுத்திவிட்டது. இன்றைக்கும் அதைச் சொல்லி முற்பணம் கேட்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

காசு வாங்காமல், எதிர்மாறாகக் கையில் காசு கொடுக்கிற ஏஜென்சிகளும் உண்டு. வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு போகிற பெண்களுக்கு முற்பணம் கொடுப்பார்கள். கடனில் இருக்கிற வீட்டுக்கு அந்தக் காசு பெரிய ஆறுதல்தான். ஆனால் அங்கே அடியும் பட்டினியும் என்று அந்தப் பெண் திரும்பிவர நினைத்தால், அந்தக் காசையே காட்டி மறிப்பார்கள். மூதூர் றிசானா நபீக்கை மறக்க முடியுமா? 2005இல் 17 வயதுப் பிள்ளையை 23 வயது என்று கடவுச்சீட்டு எடுத்துச் சவூதிக்கு அனுப்பினார்கள். பிள்ளை வளர்க்கத் தெரியாத பிள்ளையின் கையில் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி றிசானாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்க்கும்போது திகதி எழுதுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு முறை பார்ப்பது அதனால்தான். வயதையோ படிப்பையோ அனுபவத்தையோ கூட்டிப் போடலாம் என்கிற ஏஜென்சியிடம் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். பொய்யை எழுதியவர் இங்கே இருப்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், நம் ஊரில் அதிகம் பேரை வீழ்த்துவது ஏஜென்சி இல்லை. இடையில் நிற்கிற ஆள்தான். பெரும்பாலான ஏஜென்சிகளின் அலுவலகம் கொழும்புப் பக்கம். இரவு பஸ் எடுத்துப் போய், ஒரு நாளை முறித்து, திரும்பிவருவது எல்லோருக்கும் முடியாது. அதனால் ஊரில் ஒருவர் முளைக்கிறார். பெரியம்மாவின் மகனுக்கு டுபாய் எடுத்துக் கொடுத்தவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், தெரிந்த மனிதர். "கொழும்பில் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அலையத் தேவையில்லை" என்பார். அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் இல்லை. பற்றுச்சீட்டு கேட்டால் முகம் சுருங்கும், கேட்பதற்கு நமக்கும் கூச்சம். காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து எடுத்த காசு கைமாறிவிடும். பிறகு கொழும்பு ஏஜென்சியிடம் போய்க் கேட்டால் அப்படி ஒருவரைத் தெரியாது என்பார்கள். பொலிசுக்குப் போகலாம் என்றால் வீட்டில் பெரியவர்கள் "சொந்தத்துக்குள் பகை வேண்டாம், கொஞ்சம் பொறுப்போம்" என்று மறிப்பார்கள். பொறுத்துப் பொறுத்து வட்டி ஏறும். இதே கதையை வெவ்வேறு குடும்பங்களின் வாயால் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இவர்களில் எவரும் படிப்பறிவு இல்லாதவர்கள் அல்லர். தெரிந்த ஆளிடம் தாள் கேட்பது அவமரியாதை என்று நினைத்தவர்கள்.

தயவுசெய்து கேளுங்கள். அண்ணாவோ மாமாவோ, யாராக இருந்தாலும், ஏஜென்சியின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது ஏஜென்சி அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். அந்த ஒரு இரவு பஸ் பயணத்தின் செலவு, நீங்கள் இழக்கக்கூடிய காசோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. காசு கட்டுவதாக இருந்தால் நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். தனி ஆளின் கணக்கில் வேண்டாம், கையில் வேண்டவே வேண்டாம். மூலக் கடவுச்சீட்டைக் கொடுக்க நேர்ந்தால், எந்தத் திகதியில் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று கையொப்பத்தோடு வாங்குங்கள். வேலையை விட்டு விலக நினைத்தவரிடம் கடவுச்சீட்டைத் திருப்பித் தரக் காசு கேட்ட இடங்களும் இருக்கின்றன.

உங்கள் நிலையில் நான் இருந்தால், முதலில் முதலாளியிடம் காசு வாங்குகிற கொழும்பு ஏஜென்சிகள் இரண்டில் பதிவேன். கூடவே நானாகவும் விண்ணப்பித்துக்கொண்டிருப்பேன், ஏஜென்சியை மட்டும் நம்பி வீட்டில் இருக்கமாட்டேன். கணக்கு வேலையில் இரண்டு மூன்று வருட அனுபவம் கையில் இருந்தால், வெளிநாட்டு முதலாளியே விமான டிக்கெட்டும் கொடுத்துக் கூப்பிடுகிற வேலைகளுக்குப் போட்டியிடலாம். அனுபவம் இல்லாமல் இப்போதே போனால், டிப்ளோமா பெட்டிக்குள் இருக்கும், நீங்கள் களஞ்சியத்தில் பெட்டி தூக்குவீர்கள். அந்த வேலையும் மரியாதையான வேலைதான். ஆனால் நீங்கள் படித்தது அதற்கு அல்ல.

ஏற்கெனவே யாரிடமாவது காசு கொடுத்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்றால், வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். அவற்றோடு பணியகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அந்த ஆளுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்றாலும் முறைப்பாடு எடுப்பார்கள், அனுமதியில்லாமல் ஆள் திரட்டுவதே குற்றம். எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று விளங்காவிட்டால், பெயர், இலக்கங்களை மறைத்துவிட்டுப் படத்தை இங்கே கீழே போடுங்கள். வாசித்துச் சொல்கிறேன்.